தொட்ட கைகளுக்கு ஏட்டில் இடம் எங்கே?

கடந்த மே மாதம் ஒரு கூட்டத்தில் கலந்துகொள்ள லண்டன் செல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. ஊர் திரும்பும் நாளில் அரை நாள் மிச்சமிருந்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய ராட்டினத்தில் ஏறலாமா, அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஊர் சுற்றிக்காட்ட வந்திருந்த செவிலியர் குறுக்கிட்டார். "அதெல்லாம் யூடியூப்ல பாத்துக்கலாம் அண்ணா. நான் ஒரு எடம் காட்டுறேன், வாங்க. சின்ன எடம்தான். ஒரு மணி நேரம் போதும்" என்றார்.

அவர் நம் வேலூர் மாவட்டத்துப் பெண். கிராமத்துக் காலனியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துச் செவிலியரானவர். சில ஆண்டுகளாக லண்டனில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

அவர் அழைத்துச் சென்றது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அருங்காட்சியகத்துக்கு. இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை இருக்கிறது. அந்த வளாகத்துக்குள், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்படி இந்த அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. 1989-ல் திறக்கப்பட்டது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாதி இருக்கலாம். ஆனால் செவிலியர் தொழிலின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள்.

விளக்கும் கணக்கும்

'கைவிளக்கேந்திய காரிகை' என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பாடப் புத்தகப் படங்களில் நைட்டிங்கேல் கையில் அலாவுதீன் கதையில் வருவது போன்ற எண்ணெய் விளக்கு இருக்கும். அருங்காட்சியகத்தில் இருப்பதோ துருக்கி நாட்டு மடக்கு விளக்கு. மேலும் கீழும் பித்தளை, நடுவில் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடங்கும் உறை. உள்ளே மெழுகுவத்தியை ஏற்றித் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகளாக ஓவியர்கள் வரைந்த விளக்கு வேறு, அவர் கையில் இருந்த விளக்கு வேறு. வரலாறு எப்படி மெருகேற்றப்படுகிறது என்பதற்கு இந்த ஒரு பொருளே போதுமான சாட்சி.

அவர் வளர்த்த சிறிய ஆந்தையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவருடைய மருந்துப் பெட்டியும் சிறு வயதில் எழுதிப் பழகிய சிலேட்டும் இருக்கின்றன. ஆனால் எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அவருடைய கணக்கு.

1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியில் உள்ள ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்கு நைட்டிங்கேல் போய்ச் சேர்ந்தார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் பட்ட காயத்தால் செத்தவர்களைவிடக் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் செத்த வீரர்கள் பல மடங்கு. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்ட நூறு பேரில் 42 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. மருத்துவமனைக்கு அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. குடிநீரைச் சரிசெய்தது. ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 பேராகச் சாவு குறைந்தது. இந்தக் கணக்கை நைட்டிங்கேல் எழுதி வைத்தார். 1858-ல் வண்ண வரைபடமாக அச்சிட்டு அமைச்சர்கள் முன் வைத்தார். கண்ணீரும் கருணையும் அசைக்க முடியாத அதிகாரத்தை எண்கள் அசைத்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கூட்டரியில் மருந்தைவிடப் பெரிய வேலையைச் செய்தது சாக்கடைச் சுத்தம். அந்தச் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று சொல்லும் எழுத்து எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

மேரி சீக்கோல்

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால், அதே மருத்துவமனைத் தோட்டத்தில் நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி ஒரு கறுப்பினப் பெண்ணின் வெண்கலச் சிலை நிற்கிறது. காற்றை எதிர்த்து நடப்பது போன்ற தோற்றம். "இவங்களுக்காகத்தான் அண்ணா உங்கள இங்க கூட்டிட்டு வந்தேன்" என்றார் நம் செவிலியர்.

மேரி சீக்கோல் 1805-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். தாய் நாட்டு வைத்தியம் தெரிந்த கறுப்பினப் பெண். தந்தை ஸ்காட்லாந்து நாட்டு ராணுவக்காரர். மூலிகைகளும் நோயாளியைப் பராமரிக்கும் முறையும் தாயிடம் கற்றவை. பனாமாவில் காலரா பரவியபோது முன்னின்று சிகிச்சை அளித்தார். ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது வீரர்களைக் கவனித்தார். அந்த அனுபவத்தோடு 1854-ல் லண்டனுக்கு வந்து, கிரிமியாவுக்குச் செல்லும் செவிலியர் அணியில் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் இடமில்லை. தன் தோலின் நிறம்தான் காரணமோ என்ற சந்தேகத்தை அவர் பின்னாளில் எழுதிய தன் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அவர் ஊர் திரும்பிவிடவில்லை. சொந்தக் காசில் கப்பல் ஏறினார். பாலக்லாவா அருகே, கிடைத்த பலகைகளையும் தகரத்தையும் கொண்டு ஒரு விடுதியைக் கட்டினார். சமைத்துப் போட்டார், மருந்து கொடுத்தார், குண்டுகள் விழும் களத்துக்கே போய்க் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். வீரர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். போர் முடிந்ததும் கடனாளியாக லண்டன் திரும்பினார். 1857-ல் அவருக்கு உதவ நான்கு நாள் நிதி திரட்டும் விழா நடந்தது. அதே ஆண்டு அவருடைய நூலும் வந்தது. 1881-ல் இறந்தார். பிறகு அந்த நாடு அவரை மறந்தது.

நைட்டிங்கேலின் பெயரில் உலகெங்கும் பள்ளிகள் வளர்ந்தன. மே 12, அவர் பிறந்த நாள், உலகச் செவிலியர் நாளானது. சீக்கோலின் கல்லறை எங்கே இருக்கிறது என்பதுகூடப் பலருக்கும் தெரியாமல் போனது. 1973-ல் அதைச் சீரமைக்க முன்னின்றவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தில் பணிபுரிந்த ஜமைக்கா செவிலியர்கள். 1984-ல் அவருடைய நூல் மறுபதிப்பானது. 2004-ல் மிகச் சிறந்த கறுப்பின பிரிட்டானியர் என்று வாக்கெடுப்பில் தேர்வானார். 2013-ல் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து அவரை நீக்கும் முயற்சி நடந்தபோது பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டுத் தடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு இயக்கத்துக்குப் பிறகு 2016 ஜூனில் இந்தச் சிலை திறக்கப்பட்டது. அதையும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். நைட்டிங்கேலின் மருத்துவமனையில் சீக்கோலுக்கு எதற்குச் சிலை, அவர் முறையாகப் பயின்ற செவிலியரா என்று கேட்டார்கள். முறையான பயிற்சிப் பள்ளிகள் பரவாத காலத்தில் பிறந்தவரிடம் சான்றிதழ் கேட்ட கதை இது.

சிலையில் நாம் பார்ப்பது அவருடைய வீரத்தை. அவரை மீட்டுக் கொடுத்ததோ அவர் எழுதி வைத்த புத்தகமும், அவருடைய சொந்த மக்களின் விடாப்பிடியும்.

ஒரே வேலை, இரண்டு சான்று

சீக்கோலுக்கு நேர்ந்தது நூறு ஆண்டு கழித்து வேறு வடிவில் திரும்ப வந்தது. 1948-ல் இங்கிலாந்தில் அனைவருக்கும் இலவச மருத்துவ சேவை தொடங்கியபோது செவிலியருக்குக் கடும் பற்றாக்குறை. ஜமைக்கா, பார்படாஸ் போன்ற தீவுகளிலிருந்து இளம் பெண்களை அழைத்து வந்தார்கள். அங்கே அப்போது இரண்டு வகைப் பயிற்சி இருந்தது. மூன்றாண்டு படித்தால் முழுப் பதிவு பெற்ற செவிலியர். இரண்டாண்டு படித்தால் அடுத்த நிலைச் செவிலியர். வந்த கறுப்பினப் பெண்களில் பலரை, தகுதி இருந்தும், விவரம் சொல்லாமலேயே இரண்டாண்டுப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றுக்குப் பதவி உயர்வு கிடையாது. சொந்த நாட்டுக்குத் திரும்பினால் அது செல்லவும் செல்லாது. வார்டில் இரவு முழுக்க நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், மலம் அள்ளுவதும், உடம்பு துடைப்பதும் ஒரே வேலைதான். காகிதம்தான் வேறு.

இதைச் சொல்லிக்கொண்டு வந்த நம் செவிலியர் ஒரு கணம் நிறுத்தி, "நம்ம ஊர்லயும் இதுதான அண்ணா?" என்றார். பிறகு தன் ஆயாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய ஆயா காலனிக்கு மருத்துவச்சி. ஊர்த்தெருவில் பிரசவம் பார்த்தவர் முடிதிருத்தும் குடும்பத்துப் பாட்டி. அந்தப் பாட்டி இறந்த பிறகு ஊர்த்தெருவுக்கும் இவருடைய ஆயாவைத்தான் கூப்பிட்டார்கள். நடு இரவில் காலனி முனையில் நின்று குரல் கொடுப்பார்களாம். ஆயா போவது கொல்லைப்புற வழியாக. பிள்ளையை எடுப்பதும், தொப்புள்கொடி அறுப்பதும், நஞ்சுக்கொடியைப் புதைப்பதும், துணி அலசுவதும் அவர் வேலை. முடிந்ததும் நான்கு படி நெல்லும் ஒரு பழம்புடவையும். அவர் படியிறங்கியதும் வீட்டைக் கழுவிவிடுவார்கள். பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கும்போது ஆயாவுக்குச் சோறு வாசலில்.

"அந்தத் தெருவுல பாதிப் பேர மொதல்ல தொட்டது எங்க ஆயாதான். ஆனா வளர்ந்தப்புறம் ஒருத்தரும் அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. பலமுறை யோசித்து ஆறிப்போன பேச்சு அது.

அருங்காட்சியகத்தில் பார்வையாளர் குறிப்பு எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். கிளம்பும் முன் அதில் அவர் எழுதியதை அப்போதுதான் எங்களிடம் சொன்னார். எழுதியது இரண்டே வரி. தன் ஆயாவின் பெயர், ஊர். தமிழில்.

பெயரிலேயே சாதி

நம் மாநிலத்தில் இந்தத் தொழிலின் வரலாறு நைட்டிங்கேல் பள்ளிக்குப் பின்தங்கியதல்ல. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்குச் சென்னை மாகாணத்தில் அரசு அனுமதி அளித்தது. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஆனால் யார் யாரைத் தொடுவது என்ற கேள்வி மருத்துவமனை வாசலிலேயே நின்றது.

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1885-ல் தொடங்கியபோது அதன் பெயர் விக்டோரியா சாதி மற்றும் கோஷா மகளிர் மருத்துவமனை. கோஷா என்றால் திரையிட்டு வாழும் முஸ்லிம் பெண்கள். சாதி என்றால் சாதி இந்துப் பெண்கள். ஆண் மருத்துவரிடம் வர மறுத்து வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த பெண்களைக் காப்பாற்றத் தொடங்கிய நல்ல காரியம் அது. அதை முன்னின்று செய்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லிப். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனையின் பெயர்ப் பலகையிலேயே சாதி என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பலகைக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நம் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அக்காலத்தில் சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை இந்தப் படிப்புக்கு அனுப்பத் தயங்கின. அந்நியர் உடம்பைத் தொட வேண்டும், இரத்தமும் மலமும் தொட வேண்டும், இரவில் வேலை செய்ய வேண்டும். தீட்டு என்று ஒதுக்கிய வேலை அது. நாட்டின் மிஷன் மருத்துவமனைகளில் ஆரம்ப காலத்தில் பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் கணிசம். ஊர் தீட்டு என்ற வேலையை அவர்கள் வெள்ளை உடுத்திச் செய்து, அதை மரியாதைக்குரிய தொழிலாக்கினார்கள்.

அப்படியும் சமூகம் வேகமாக மாறிவிடவில்லை. 1946-ல் வெளியான போர் குழு அறிக்கையின்படி நாடு முழுவதும் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர்தான். ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒருவர். இவ்வளவு குறைவுக்கு வறுமை, கல்வியின்மை என்று பல காரணங்கள் உண்டு. தொட்டால் தீட்டு என்ற எண்ணமும் அவற்றில் ஒன்று.

அருங்காட்சியகத்தில் நின்றபோது எங்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வந்தது. 1897-ல் புனே நகரைப் பிளேக் நோய் தாக்கியபோது, சாவித்திரிபாய் பூலேவும் அவர் வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை இடம் நடத்தினார்கள். மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயால் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, 66 வயதில் அவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார் சாவித்திரிபாய். அந்த நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். முதல் ஆசிரியை என்று அவரை நாம் கொண்டாடுகிறோம். அவர் செவிலியராகவே உயிர் விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய காகிதம்

இது பழைய கதை என்று கடந்துபோக முடியாது. நம் மாவட்டத்தில் பிளஸ் டூ முடிக்கும் தலித் மாணவிகள் பலரின் முதல் விருப்பம் நர்சிங். காரணம் எளிது. நான்கு பேருக்கு உதவும் வேலை, சீக்கிரம் சம்பளம், வெளிநாடு செல்லும் வாய்ப்பு. இந்த விருப்பத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாடியில் இரண்டு அறை, வாசலில் செவிலியர் படம் போட்ட பேனர், 'ஓராண்டு நர்சிங், நூறு சதவீத வேலை உறுதி'. அதை நம்பிச் சேரும் பிள்ளைக்குக் கடைசியில் கிடைப்பது எங்கும் செல்லாத காகிதம். இங்கிலாந்தில் கறுப்பினப் பெண்களுக்கு இரண்டாம் தரச் சான்று கொடுத்த கதையைவிட இது மோசம்.

எனவே மாணவிகளும் பெற்றோரும் இதை மனதில் வைக்க வேண்டும். செவிலியர் துறையில் பதிவு பெற வழி மூன்று. ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டாண்டு. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்றாண்டு. பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு. மூன்றுக்குமே பிளஸ் டூ வேண்டும். படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய முடிகிறதா என்பதே உரைகல். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓராண்டு, ஆறு மாதப் படிப்புகள் உதவியாளர் வேலைக்கு உதவலாம். அவை உங்களைச் செவிலியர் ஆக்காது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கட்டணம் கட்டாததைக் காட்டியோ, வேலையை விட்டுப் போகக் கூடாது என்றோ அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் எந்த மருத்துவமனைக்கும் கிடையாது.

படித்து முடித்தவர்களின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. லண்டனில் நாங்கள் சந்தித்த செவிலியர், இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 6,000 ரூபாய். பன்னிரண்டு மணி நேர வேலை. இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்த நாட்கள் உண்டு என்றார். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2016-லேயே பரிந்துரைத்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் எத்தனை அதைக் கொடுக்கின்றன? அரசுத் துறையும் முன்மாதிரியாக இருக்கவில்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017-ல் சென்னையில் சாலைக்கு வர வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் கைதட்டினோம், பூத்தூவினோம். தட்டிய கை சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை.

மலிவான கூலி, கொல்லைப்புற வழி, முடிந்ததும் மறந்துபோதல். ஆயாவுக்குக் கொடுத்த நான்கு படி நெல்லுக்கும் பேத்திக்குக் கொடுத்த ஆறாயிரத்துக்கும் நடுவே எழுபது ஆண்டு ஓடியிருக்கலாம். தொட்டுச் செய்யும் வேலைக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் அவ்வளவு தூரம் ஓடவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

அரசுக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, அங்கீகாரம் பெற்ற செவிலியர் கல்லூரிகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் முன் எல்லா அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஒட்ட வேண்டும். பேனர் கட்டி ஏமாற்றும் போலி நிறுவனங்கள் மீது மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டாவது, 2016 குழுவின் ஊதியப் பரிந்துரையைத் தனியார் மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, நிரந்தர வேலைக்கு ஒப்பந்தச் சம்பளம் என்ற முறையை அரசு மருத்துவமனைகளில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அரசு செய்யாத, நாம் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில்தான் நடந்தது. இது நம் மாநிலத்தின் பெரிய சாதனை. தாய் இறப்பும் சிசு இறப்பும் குறைந்ததற்கு இது முக்கியக் காரணம். பழைய முறை திரும்ப வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை. ஆனால் வீட்டுப் பிரசவம் பார்த்த கடைசித் தலைமுறை மருத்துவச்சிகள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் சில ஆண்டுகளில் கேட்க ஆள் இருக்காது.

மாணவர்களிடம் நாங்கள் கேட்பது இதைத்தான். இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் காலனியில், உங்கள் ஊரில், பிரசவம் பார்த்த பாட்டி யார் என்று விசாரியுங்கள். உயிரோடு இருந்தால் அவரிடமே போய் உட்காருங்கள். அவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார், எத்தனை பிள்ளை எடுத்திருப்பார், என்ன மருந்து கொடுத்தார், எந்த வாசல் வழியாகப் போனார், என்ன கூலி வாங்கினார், எந்தப் பிரசவத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது என்று கேட்டு எழுதுங்கள். தப்பிப்போன உயிர்களையும் மறைக்காமல் எழுதுங்கள். கொடி அறுத்த கத்தியோ, மருந்து அரைத்த கல்லோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து முதலில் செவிலியரான பெண் யார், கிராம சுகாதாரச் செவிலியராக வந்தவர் யார் என்பதையும் சேருங்கள். முடிதிருத்தும் சமூகத்து மருத்துவச்சிகளை விட்டுவிடாதீர்கள். ஒதுக்கப்பட்ட கை என்பதில் அவர்களும் நம்மவர்களே.

அருங்காட்சியகம் என்றால் கோடி ரூபாய்க் கட்டடம் வேண்டியதில்லை. லண்டனில் நாங்கள் பார்த்ததே சின்ன இடம்தான். பள்ளி நூலகத்தில் ஒரு அலமாரி, அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு மேசை போதும். ஊராட்சித் தலைவர்கள் மனது வைத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் அந்த ஊர் மருத்துவச்சிகளின் பெயர்களை எழுதி வைக்கலாம். அங்கே தடுப்பூசி போட வரும் தாய், தன் பாட்டியின் பெயரைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவாள்.

எழுதியதன் ஒரு படியை எங்களுக்கும் அனுப்புங்கள். பெயர்களை இந்தப் பகுதியில் ஊர்வாரியாக வெளியிடுவோம். அனுமதி தந்தவர்களின் பெயர்களை மட்டும். முதல் பெயர் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது. லண்டனில் ஒரு பார்வையாளர் நோட்டில் தமிழில் எழுதப்பட்ட பெயர் அது. பேத்தியின் சம்மதம் கேட்டிருக்கிறோம்.